பல் டாக்டரிடம் பயமா? பயத்திற்கும் வைத்தியம் உண்டு

திண்டுக்கல் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை மூன்று. ஒன்று, ஊர் நடுவே திண்டுபோல் படுத்திருக்கும் மொட்டைப் பாறையும் அதன் உச்சியில் நிற்கும் கோட்டையும். இரண்டாவது, 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு. மூன்றாவது, சுற்றுப்புறத்து வயல்களில் விளையும் புகையிலை. மாணவ நண்பர்களே, இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே பல்வலியைப் பற்றியும், பல் வைத்தியத்திற்கு அஞ்சுகிறவர்களைப் பற்றியும் விளக்கிவிடலாம் என்றால் நம்புவீர்களா? முயன்று பார்ப்போம்.

அதற்கு முன் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டரைக் கண்டு பயப்படுவது கோழைத்தனம் அன்று. அது உடலில் உண்மையாகவே நிகழும் ஒரு மாறுதல். வலியைப் போலவே கவனிக்கப்பட வேண்டியது. அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிப்பதும், “பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்” என்று அதட்டுவதும் விஞ்ஞானத்திற்கு ஒவ்வாதவை. அதே சமயம், “என்னை மயக்கத்தில் ஆழ்த்திவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்” என்று கேட்பதும் சரியன்று. இவ்விரண்டுக்கும் நடுவே பல படிகள் உள்ளன. அவற்றை அறிந்துகொள்வது நம் உரிமை. அவற்றை எளியவர்க்கும் கிடைக்கச் செய்வது சமுதாயத்தின் கடமை.

புகையிலையும் கிராம்பும்

சொத்தைப் பல் வலிக்கத் தொடங்கியதும் நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள்? கிராம்பை நசுக்கி வைப்பார்கள். உப்புநீர் கொப்பளிப்பார்கள். பெரியவர்களில் சிலர் ஒரு துண்டுப் புகையிலையைப் பல்லிடுக்கில் அதக்கிக்கொள்வார்கள். திண்டுக்கல் வட்டாரத்தில் புகையிலைக்குப் பஞ்சமில்லை. வேடசந்தூரில் புகையிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கிராம்பு வைப்பதில் உண்மை உண்டு. அதிலுள்ள யூஜினால் என்னும் எண்ணெய் நரம்பைச் சற்று மரக்கச் செய்யும். பல் டாக்டர்களே யூஜினாலைத் துத்தநாக ஆக்ஸைடுடன் குழைத்துத் தற்காலிக அடைப்பாக உபயோகிக்கிறார்கள். உப்புநீரும் நல்லதே. ஆனால் புகையிலை அப்படியன்று. வலி சற்று மங்கியதுபோல் தோன்றினாலும், பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. பல்வலிக்கு என்று தொடங்கிய அதக்கல் ஆண்டுக்கணக்கில் நீடித்து, வாய்ப்புற்று நோயில் கொண்டுபோய் விடலாம்.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. வலி சற்று அடங்கும். நோய் உள்ளே வளரும். சொத்தையில் குடியேறிய பாக்டீரியாக்கள் பல்லின் மஜ்ஜையை அடைந்து, வேர் நுனி வழியே தாடைக்குள் இறங்கிச் சீழ் கட்டும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்கின் அடிப்புறத்திற்கும் கழுத்துக்கும் பரவினால், வீக்கம் மூச்சுக் குழலையே நெரித்துவிடக்கூடும். 1836ஆம் ஆண்டில் லுட்விக் என்ற ஜெர்மானிய வைத்தியர் இந்நோயை விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. இன்று நல்ல மருந்துகள் இருந்தும், தாமதமாக வருபவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

அப்படியானால் ஏன் தாமதிக்கிறார்கள்? பணமில்லாமை ஒரு காரணம், நேரமில்லாமை இன்னொன்று. ஆனால் பணமும் நேரமும் இருந்தும் வராதவர்கள் ஏராளம். அவர்களைத் தடுப்பது பயம்.

பயத்திற்கு மதிப்பெண்

பயத்தை அளக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் நார்மன் கோரா என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர். 1969ஆம் ஆண்டில் அவர் நான்கே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். நாளைக்குப் பல் டாக்டரிடம் போகவேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அங்கே போய் உங்கள் முறைக்காகக் காத்திருக்கும்போது எப்படி இருக்கும்? நாற்காலியில் சாய்ந்திருக்க, டாக்டர் துளையிடும் கருவியைத் தயார் செய்யும்போது? பல் சுத்தம் செய்யும் கருவிகளை எடுக்கும்போது? ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மொத்தத்தில் குறைந்தது 4, அதிகம் 20. பதின்மூன்றோ பதினான்கோ என்றால் அஞ்சுகிறவர். பதினைந்தும் அதற்கு மேலும் என்றால் கடுமையாக அஞ்சுகிறவர். பரீட்சையில் அதிக மதிப்பெண் வாங்க விரும்பும் நீங்கள், இதில் மட்டும் குறைவாக வாங்கவே விரும்புவீர்கள்!

வேடிக்கை ஒருபுறம் இருக்க, இந்த அளவுகோல் ஓர் உண்மையை உணர்த்துகிறது. நான்கு கேள்விகளில் முதல் மூன்றிலும் வலி என்பதே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒரு கருவியும் வாய்க்குள் போகவில்லை. ஆயினும் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. மணியோசை கேட்டதுமே பாவ்லவின் நாய்க்கு எச்சில் ஊறியதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இதுவும் அத்தகையதே. பல் துளையிடும் காற்றுச்சுழலிக் கருவி 1957ஆம் ஆண்டு முதல் பழக்கத்திற்கு வந்தது. நிமிடத்திற்கு 3 இலட்சம் தடவைக்கு மேல் சுழலும் அதன் கிறீச்சொலியும், ஆஸ்பத்திரி வாடையும், எப்போதோ பட்ட வலியும் மூளையில் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டுவிடுகின்றன. பிறகு ஒலி கேட்டாலே போதும். அட்ரினலின் சுரந்து, உடல் ஓடத் தயாராகிவிடுகிறது.

தமக்கு நேராத வலிக்காகவும் பலர் பயப்படுகிறார்கள். அது கேள்வி ஞானத்தால் வந்த பயம். “சேட்டை செய்தால் ஊசி போடச் சொல்வேன்” என்று குழந்தையை மிரட்டும் பெற்றோர் எத்தனை பேர்! மேல் வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது நம் ஊர்களில் இன்றும் உலவும் கதை. இதில் உண்மை ஏதுமில்லை. பார்வைக்குரிய நரம்பு விழியின் பின்புறத்திலிருந்து நேரே மூளைக்குச் செல்கிறது. மேல் பற்களின் உணர்ச்சியை எடுத்துச் செல்வது ஐந்தாம் மூளை நரம்பின் ஒரு கிளை. இரண்டும் வேறு வேறு பாதைகள். பல்லை எடுத்ததால் பார்வை மங்குவதில்லை. முதுமையில் பல்லும் விழுகிறது, கண்ணும் மங்குகிறது. அடுத்தடுத்து நடப்பவற்றில் ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் கொள்வது பழைய தவறு.

நரம்புக்குப் போடும் பூட்டு

இப்போது பூட்டுக்கு வருவோம். பல் வலிக்கும்போது நரம்பு வழியே மூளைக்குச் செய்தி போகிறது. நரம்பின் சவ்வில் மிக நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. அவை திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாயும்போதுதான் செய்தி நகரும். வாயில்களைப் பூட்டிவிட்டால் செய்தி நின்றுவிடும். பல் டாக்டர் போடும் மரக்கும் ஊசி இந்தப் பூட்டைத்தான் போடுகிறது.

இத்தகைய பூட்டுகளில் முதலாவது கோகெய்ன். 1884ஆம் ஆண்டில் வியன்னாவில் கார்ல் கோலர் அதைக் கண் சிகிச்சைக்கு உபயோகித்தார். ஆனால் அது அடிமைப்படுத்தும் பொருள். ஆகவே மாற்று தேடினார்கள். 1905ஆம் ஆண்டில் புரோகெய்ன் உபயோகத்திற்கு வந்தது. 1943ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் நில்ஸ் லோஃப்கிரென் லிக்னோகைனை உருவாக்கினார். இன்று நம் ஊர்ப் பல் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் போடப்படுவது அதுவே. இரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே தங்கவைப்பதற்காக அதனுடன் மிகச் சிறிதளவு அட்ரினலினும் சேர்ப்பதுண்டு. ஊசி போட்ட சில நொடிகளில் சிலருக்கு நெஞ்சு படபடப்பதற்கு இந்த அட்ரினலினே காரணமாக இருக்கலாம். இது தெரியாதவர், “ஏதோ ஆகிறதே” என்று மேலும் பயந்துபோகிறார். தெரிந்தவரோ, “இது மருந்தின் வேலை, சற்று நேரத்தில் அடங்கும்” என்று அமைதியாக இருப்பார். ஒரு சிறு தகவலே மருந்தாகிறது, பார்த்தீர்களா?

இந்தப் பூட்டு வெளியிலிருந்து போடப்படுவதில்லை. நரம்புக்குள் நுழைந்து உட்புறமிருந்தே வாயிலைப் பூட்டுகிறது. ஊசி மருந்தின் மூலக்கூறுகள் இரண்டு வடிவங்களில் இருக்கும்: மின்னூட்டம் உள்ளவை, மின்னூட்டம் இல்லாதவை. கொழுப்பாலான நரம்புச் சவ்வை எளிதில் கடந்து உள்ளே செல்லக்கூடியவை மின்னூட்டம் இல்லாதவையே. நம் திசுக்களின் பி.எச். மதிப்பு 7.4 என்ற இயல்பான நிலையில் இருக்கும்போது, லிக்னோகைனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த வடிவில் இருக்கும். ஆனால் சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை மிகுந்துவிடுகிறது. பி.எச். 6.4 ஆக இறங்கினால் அந்தப் பங்கு சுமார் 3 சதவீதமாகச் சுருங்கும் என்று இரசாயனக் கணக்கு காட்டுகிறது. போதாக்குறைக்கு, அழற்சி கண்ட நரம்பு இயல்பைவிட எளிதில் தூண்டப்படுவதாகவும் மாறிவிடுகிறது.

இதன் பொருள் என்ன? பயந்து பயந்து தள்ளிப்போட்டவர், சீழ் கட்டிக் கன்னம் வீங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அவருக்கு ஊசி போட்டும் சரியாக மரப்பதில்லை. வலிக்கிறது. வீட்டுக்குப் போய், “ஊசி போட்டும் உயிர் போய்விட்டது” என்று ஊரெல்லாம் சொல்கிறார். அதைக் கேட்ட பத்துப் பேர் பயந்து தள்ளிப்போடுகிறார்கள். அவர்களுக்கும் சீழ் கட்டுகிறது. பயம் தாமதத்தைத் தருகிறது; தாமதம் வலியைத் தருகிறது; வலி பயத்துக்குச் சான்றாகிறது! இந்த வட்டத்தை எங்காவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

அறுப்பதற்கு வழிகள் உள்ளன. சீழ் கட்டிய நிலையிலும் டாக்டர் கைகட்டி நிற்பதில்லை. சீழை வடித்து அழுத்தத்தைக் குறைக்கலாம்; வீக்கத்திலிருந்து தள்ளி, நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்திலேயே ஊசி போடலாம். ஆனால் எல்லாவற்றினும் எளிய வழி, வலிக்கும் முன்னரே வருவதுதான். பயம் அதற்குத் தடையாக இருந்தால், பயத்திற்கே சிகிச்சை தரவேண்டும்.

சிரிப்பு வாயுவின் கதை

பயத்தையும் வலியையும் வெல்லும் முயற்சியில் பல் வைத்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அறுவைச் சிகிச்சை உலகம் முழுவதும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி, இளைஞராக இருந்தபோது, நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைத் தாமே முகர்ந்து பார்த்தார். தம் பல்வலி அதனால் மறைந்ததைக் குறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சைக்கு இது பயன்படலாம் என்று 1800ஆம் ஆண்டிலேயே எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. பொருட்காட்சிகளில் வேடிக்கைக்காகவே அந்தச் சிரிப்பு வாயு உபயோகமாயிற்று.

1844ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் அப்படியொரு காட்சி நடந்தது. வாயுவை முகர்ந்த ஒருவர் துள்ளிக் குதித்ததில் காலில் அடிபட்டு இரத்தம் வழிந்தது. அவருக்கோ வலியே தெரியவில்லை. இதைக் கூட்டத்தில் இருந்த ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் கவனித்தார். மறுநாளே தாம் வாயுவை முகர்ந்து, நண்பரைக்கொண்டு தம் பல்லையே பிடுங்கச் செய்தார். வலி இல்லை! ஆனால் 1845 ஜனவரியில் பாஸ்டனில் செய்து காட்டியபோது நோயாளி கூச்சலிட்டுவிட்டார். கூடியிருந்தவர்கள் ஏளனம் செய்தனர். மனமுடைந்த வெல்ஸ் மூன்றே ஆண்டுகளில், 33ஆம் வயதில் இறந்துபோனார். அவருடன் முன்னர் சேர்ந்து தொழில் செய்த வில்லியம் மார்ட்டன், 1846 அக்டோபர் 16ஆம் தேதி அதே பாஸ்டனில் ஈதரைக் கொண்டு வலியில்லா அறுவையை நிறைவேற்றிக் காட்டினார். ஐந்து மாதங்களில் செய்தி கடல் கடந்து வந்து, 1847 மார்ச்சில் கல்கத்தாவில் ஈதர் உபயோகிக்கப்பட்டது.

வெல்ஸ் கண்டது பொய்யன்று, பக்குவம்தான் போதவில்லை. இந்த வாயுவுடன் ஆக்ஸிஜனைக் கலந்து கொடுக்க வேண்டும் என்று சிகாகோவைச் சேர்ந்த ஆண்ட்ரூஸ் 1868ஆம் ஆண்டில் எடுத்துக் கூறினார். இன்றைய கருவிகளில் எவ்வளவு திருகினாலும் ஆக்ஸிஜன் 30 சதவீதத்திற்குக் கீழே குறையாது. நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதோ 21 சதவீதம்தான்.

சரிவும் படிகளும்

பயத்தைத் தணிக்கும் முறைகளைத் திண்டுக்கல் மலையோடு ஒப்பிடலாம். மலையடிவாரம் முழு விழிப்பு. உச்சி முழு மயக்கம். ஏறுவதற்குப் பாறையில் படிகள் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் பாறை என்னவோ சரிவுதான். கால் எங்கும் வழுக்கலாம். எந்தப் படியில் நிறுத்த நினைக்கிறோமோ, அதைத் தாண்டியும் நோயாளி ஆழமான மயக்கத்துக்குள் போய்விடக்கூடும். ஆகவே ஒரு படியில் நிறுத்துபவர், அடுத்த படிக்கு வழுக்கிப்போனவரையும் மீட்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். இதுதான் இத்துறையின் முதல் விதி.

முதற்படியில் மருந்தே இல்லை. செய்யப்போவதை முதலில் சொல்வது, பிறகு கருவியைக் காட்டுவது, அதன் பிறகே செய்வது. கையை உயர்த்தினால் டாக்டர் உடனே நிறுத்திவிடுவார் என்று முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வது. ஊசி குத்தும் இடத்தில் மரக்கும் பசையைத் தடவி இரண்டொரு நிமிடம் காத்திருப்பது. இவற்றுக்குப் பணச் செலவு அதிகம் இல்லை, பொறுமைதான் செலவு. அஞ்சுகிறவர்களில் பலருக்கு இதுவே போதும்.

இரண்டாம் படி, நாம் பார்த்த சிரிப்பு வாயு. மூக்கின்மேல் சிறு முகமூடி பொருத்தி, ஆக்ஸிஜனுடன் கலந்து சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். சில நிமிடங்களில் உடல் லேசாகி மனம் தளரும். நோயாளி விழித்தே இருப்பார். கேட்டால் பதில் சொல்வார். முடிந்ததும் சில நிமிடம் வெறும் ஆக்ஸிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். ஆனால் சளி பிடித்து மூக்கடைத்தவருக்கு இது உதவாது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தவிர்ப்பார்கள். மற்றொன்று: இது பயத்தைத் தணிக்கும், பல் பிடுங்கும் வலியை முற்றும் நீக்காது. மரக்கும் ஊசி அப்போதும் வேண்டும். ஊசிக்கு அஞ்சாமல் இருக்கவே வாயு!

மூன்றாம் படி, வாய்வழி மருந்து. 1963ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த டயஸெபாம், 1970-களில் உருவான மிடசோலம் ஆகியவை மூளையில் இயல்பாகவே உள்ள அமைதிப்படுத்தும் செய்திகளைப் பலப்படுத்துகின்றன. விழுங்குவது எளிது. ஆனால் விழுங்கிய மாத்திரையின் அளவைப் பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒருவருக்கு ஒன்றும் செய்யாத அளவு, இன்னொருவரைத் தூக்கத்தில் தள்ளிவிடும்.

நான்காம் படியில் இதே மிடசோலத்தை இரத்தக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள். விளைவைப் பார்த்துப் பார்த்து அளவைச் சரிசெய்யலாம். நடந்தது பலருக்கு நினைவிலேயே தங்காது. ஆயினும் மூச்சு மந்தமாகும் அபாயம் உண்டு. விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் கருவி கட்டாயம் வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட தத்துவத்தில் இயங்குவது அது. கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் இருந்த அதே சிறு கருவிதான். மிடசோலத்தின் விளைவை முறிக்க ஃப்ளூமஸெனில் என்ற மாற்று மருந்தும், மூச்சுக்கு உதவும் சாதனங்களும், பயிற்சி பெற்ற டாக்டரும் அருகிலேயே இருக்கவேண்டும்.

உச்சி, முழு மயக்கம். பல பற்களில் சிகிச்சை தேவைப்படும் சிறு குழந்தைகள், ஒத்துழைக்க இயலாத மாற்றுத் திறனாளிகள், பெரிய அறுவைகள் ஆகியவற்றுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் இது மயக்க மருந்து நிபுணரின் வேலை. அறுவைக் கூடத்தில் நடக்க வேண்டியது. இங்கிலாந்தில் முன்பு பல் டாக்டரின் சாதாரண அறையிலேயே முழு மயக்கம் கொடுத்துவந்தார்கள். உயிரிழப்புகள் ஏற்பட்டன. 2001ஆம் ஆண்டின் முடிவோடு அதை நிறுத்தி, அவசர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பல்லுக்காக உயிரைப் பணயம் வைக்கலாகாது என்பதே அதன் பாடம்.

எதிர்ப்புகளும் பதில்களும்

“இவையெல்லாம் பணக்காரர்களின் சொகுசு” என்று சிலர் சொல்லக்கூடும். நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பயந்து தள்ளிப்போட்ட ஏழைத் தொழிலாளியின் பல்லில் சீழ் கட்டி அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், இழக்கும் கூலிக்கும் மருந்துச் செலவுக்கும் கணக்குப் பாருங்கள். மேலும், முதற்படிக்குக் கருவியே தேவையில்லையே! அதைக்கூட அவசரத்தில் கைவிடுகிறோம் என்பதுதான் வருத்தம்.

“பயத்தை மனவுறுதியால் வெல்ல வேண்டும், மருந்தால் அல்ல” என்பார் இன்னொருவர். மனவுறுதி நல்லதே. ஆனால் வலுக்கட்டாயமாகப் பிடித்து அமுக்கி ஒரு குழந்தையின் பல்லைப் பிடுங்கினால், அதற்கு மனவுறுதி வளர்வதில்லை. ஆயுள் முழுதும் நீடிக்கும் அச்சமே வளர்கிறது. முதல் அனுபவம் நல்லதாக அமைந்தவருக்கு அடுத்த முறை மருந்து குறைவாகவே தேவைப்படும். நோக்கம் ஆண்டாண்டுக்கும் மயக்கம் கொடுப்பதன்று. படிப்படியாகக் கீழே இறங்கி, அடிவாரத்திலேயே சிகிச்சை பெறப் பழக்குவது.

பல் பிடுங்கப் போகும் முன் சாராயம் குடித்துவிட்டுப் போகும் ஆண்களும் நம்மிடையே உண்டு. தைரியத்திற்காம்! மதுவும் தூக்க மருந்தும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும். பக்கத்து வீட்டாரிடம் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போவதும் இதே வகை ஆபத்துதான்.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் பல் வைத்தியக் கல்வி எளிய நிலையில் தொடங்கியது. 1953ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியதே இன்றைய சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும்கூட இன்று அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மயக்க மருந்து நிபுணரும் அறுவைக் கூடமும் இல்லாமல் ஒரு மருத்துவக் கல்லூரி நடப்பதில்லை. பல் டாக்டர்களும் மாவட்டத்தில் இருக்கிறார்கள். இவர்களை ஒன்று சேர்த்து, அஞ்சும் நோயாளிகளுக்கென்று வாரத்தில் ஒரு நாளாவது ஒதுக்கினால் என்ன? ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஒரு சிரிப்பு வாயுக் கருவியும் அதைக் கையாளப் பயிற்சி பெற்ற பல் டாக்டரும் இருக்கவேண்டும் என்பது என் கோரிக்கை. இது ஆடம்பரமன்று.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லவேண்டும். மாத்திரையோ இரத்தக் குழாய் ஊசியோ பெற்றவர் அன்று தனியாக வீடு திரும்பக் கூடாது. மறுநாள் வரை இருசக்கர வண்டி ஓட்டவும் கூடாது. நத்தத்திலிருந்தோ நிலக்கோட்டையிலிருந்தோ தனியே பஸ் ஏறி வந்தவரை அரை மயக்கத்தில் பஸ் நிலையத்திற்கு அனுப்ப முடியுமா? துணைக்கு ஓர் ஆள் வரவேண்டும். தெளியும்வரை படுத்திருக்க இடம் வேண்டும். திட்டமிடுவோர் கருவியை மட்டும் அன்றி, இவற்றையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. பயமிருந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே அதைச் சொல்லுங்கள். ஆஸ்துமா, தூக்கத்தில் பலத்த குறட்டை, ஏற்கெனவே உண்ணும் மருந்துகள், மருந்து ஒவ்வாமை எதையும் மறைக்காதீர்கள். மயக்கம் தரும் சிகிச்சை என்றால், எத்தனை மணி நேரத்திற்கு முன் உணவை நிறுத்த வேண்டும் என்று கேட்டு, அதன்படி நடங்கள். மரக்கும் ஊசிக்குப் பின் உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். அதுவரை உதட்டைக் கடித்துவிடாமலும், சுடச்சுட ஏதும் பருகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி தங்கையரை ஊசியைக் காட்டி யாரும் மிரட்டினால், வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள். பல்லிடுக்கில் புகையிலை அதக்கும் தாத்தாவுக்கு, அவர் மனம் நோகாமல், உண்மையை எடுத்துச் சொல்லி ஆஸ்பத்திரிக்குத் துணையாகக் கூட்டிச் செல்லுங்கள். நாற்காலியில் அமர்ந்ததும், கையை உயர்த்தினால் டாக்டர் நிறுத்திவிடுவார் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். அந்த ஒரு சொல்லே பலருக்குப் பாதி மருந்து.